பூனைக்கு மட்டும் கேட்கும் சத்தம்

"அந்தப் பெட்டிய நிறுத்துங்க பாட்டி. காதுல ஊசி ஏத்துற மாதிரி இருக்கு."

வாசல் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றவனை மிசாவோ நிமிர்ந்து பார்த்தாள். தோள்வரை முடி, வெளுத்த முகம், காலில் செருப்புகூட இல்லை. இந்தச் சந்தில் அவள் பார்த்தே இராத ஆள். பாட்டி என்றது வேறு சுருக்கென்றது.

"யாருக்கு யாருடா பாட்டி? எந்த வீட்டுக்கு வந்தவன் நீ?"

அவன் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பூந்தொட்டிகளுக்கு நடுவே இருந்த பெட்டியையே முறைத்தான்.

மிசாவோவுக்கு ஆத்திரம் பொங்கியது. கோயிலில் நடக்கும் சாமந்திக் கண்காட்சிக்காக வசந்தத்திலிருந்து வளர்த்த செடிகள். எதிர்வீட்டுக் குசாகா அம்மா தீனி வைக்கும் தெருப்பூனைகள் தினமும் மண்ணைப் பறித்து அசிங்கம் பண்ணியதில், ஒரு செடி வேர் வெந்து செத்தே போனது. பாட்டில்களில் தண்ணீர் நிரப்பிச் சுவரோரம் வரிசையாக வைத்தாள். பூனைகள் அதில் முதுகைத் தேய்த்துக்கொண்டன. ஆரஞ்சுத் தோலும் காப்பிச் சக்கையும் போட்டாள். அதன் மேலேயே அசிங்கம் பண்ணிவிட்டுப் போயின. சண்டைக்குப் போனால், குசாகா அம்மா நன்றாகக் குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, மறுநாளும் கிண்ணத்தை வைத்தாள். கடைசியில்தான் இந்தப் பெட்டி. பூனைகளுக்கு மட்டும் கேட்கும் சத்தம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். வைத்ததிலிருந்து ஒரு பூனைகூட அண்டவில்லை.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"வயசானவங்களுக்குக் கேக்காது. எனக்குக் கேக்குது. ராத்திரி பகலாக் கேக்குது. போர்வைய இழுத்துப் போத்தினாலும் கேக்குது."

"அப்ப நீயும் பூனைங்களோட வேற தெருவுக்குப் போயிடு."

அவன் கம்பிக் கதவை ஓங்கி உதைத்தான். போலீசைக் கூப்பிடுவேன் என்று மிசாவோ கத்தினாள்.

"கூப்பிடுங்க. நாளைக்கும் வருவேன். நீங்க நிறுத்தற வரைக்கும் தினம் வருவேன்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று பெரிய தெருப் பக்கம் போய்விட்டான்.

அவன் சந்துமுனை திரும்பிய அடுத்த நிமிடம் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. குசாகா அம்மா மூச்சிரைக்க வந்து நின்றாள். கையில் ஒரு ஜோடி ஆண் செருப்பு.

மிசாவோவுக்கு எல்லாம் விளங்கியது போலிருந்தது. பூனைக்காக ஆள் வைத்து மிரட்டுகிற அளவுக்கு வந்துவிட்டீர்களா என்று பிடித்துக்கொண்டாள்.

"பெட்டியப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை பேசிடாதீங்க."

"அதைப் பேசத்தான் வந்தேன் மிசாவோ சான்."

குசாகா அம்மா குனிந்தாள். வழக்கத்தைவிட வெகுநேரம் நிமிரவே இல்லை.

"அவன் என் பையன். பள்ளிக்கூடத்த விட்டப்ப உள்ள போய்க் கதவச் சாத்தினவன். அப்ப அவனுக்கு மீசைகூட முளைக்கல. இன்னிக்குத்தான் வெளிய வந்திருக்கான். தயவுசெஞ்சு அந்தப் பெட்டிய நிறுத்திடாதீங்க."