வடக்குச் சுவரின் வயது

மிஸ் பெக்வித் எங்கள் களஞ்சியத்தின் வடக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தபோது, என் வீட்டுக்காரர் வில்ஃப் வானத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

வானத்தில் ஒன்றும் இல்லை.

அந்தச் சுவருக்கு இருநூற்றைம்பது வயது என்று, பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடங்களின் அரசாங்கப் பட்டியல் சொல்கிறது. ஏழு வாரம்தான் என்பது எனக்கும் வில்ஃபுக்கும் மட்டும் தெரியும்.

செப்டம்பரில் டிராக்டரைப் பின்னால் எடுத்த வில்ஃப், சுவரையும் சேர்த்துச் சாய்த்துவிட்டார்.

பட்டியலில் இருக்கும் கட்டடத்தில் ஒரு கல்லை நகர்த்தவும் அனுமதி வேண்டும். அனுமதி வருவதற்குள் வசந்தம் வந்துவிடும். மேலே பரண் நிறையக் காய்ந்த புல், கீழே ஆறு பசுக்கள். பனி யாருக்காகக் காத்திருக்கும், சொல்லுங்கள்?

எங்கள் இருவருக்கும் சேர்த்து நூற்று நாற்பத்தாறு வயது. அக்டோபர் முழுக்கக் கல் தூக்கினோம். சுவரின் உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் பிணைக்கிற நீளக்கற்களைப் பழையபடியே மூன்று வரிசை, கொஞ்சம் வெளியே துருத்தும்படி வைத்தோம்.

"கோணலா வைக்கிற, புள்ள."

"நீங்க டிராக்டர் ஓட்டுறதுக்கு இது நேராத்தான் இருக்கு."

இப்போது மாவட்ட அலுவலகத்திலிருந்து இந்தப் பெண் சோதனைக்கு வந்திருக்கிறாள். கண்டுபிடித்துவிட்டால் இடித்துப்போட்டு முறைப்படி கட்டச் சொல்வார்கள். பசுக்களை விற்க வேண்டியதுதான்.

அவள் நீளக்கற்களை எண்ணினாள். பென்சிலால் தட்டிப் பார்த்தாள். காற்றுக்காக விட்ட இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

"இந்த மாதிரி சுவரு இப்ப யாருக்கும் கட்ட வராது, மிஸஸ் கால்வர்ட்."

நன்றி சொல்ல வாயெடுத்துவிட்டேன். வில்ஃப் என் காலை மிதித்தார்.

அப்போதுதான் எங்கள் சாம்பல் பூனை எங்கிருந்தோ வந்து, துருத்திய கல்லொன்றில் ஏறி உட்கார்ந்துகொண்டு, சுவரை நக்க ஆரம்பித்தது.

ஆற அமர. கண்ணை மூடிக்கொண்டு.

மிஸ் பெக்வித் எழுதுவதை நிறுத்தினாள்.

"அதுக்குச் சுண்ணாம்புச் சத்து கம்மி," என்றார் வில்ஃப்.

என்ன செய்வது. சில கற்களை அவசரத்தில் திருப்பி வைத்துவிட்டோம். மழையே காணாத வெளிறிய பக்கம் வெளியே வந்துவிட்டது. சீக்கிரம் பாசி பிடிக்கட்டுமென்று, அந்தக் கற்களுக்கெல்லாம் முந்தின நாள்தான் மூன்றாவது தடவையாகத் தயிர் பூசியிருந்தேன்.

அவள் ஒற்றை விரலால் கல்லைத் தொட்டாள். முகர்ந்தாள்.

வில்ஃபைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சாந்து பட்டு வெடித்துக் கிடந்த என் விரல்களையும் பார்த்தாள்.

பிறகு எங்கள் இருவருக்கும் தெரியும்படி அட்டையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, மெதுவாக எழுதினாள்: வடக்குச் சுவர். பழையது. உறுதி.

தேநீர் போடவா என்று கேட்டேன். நேரமில்லை என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறி, கண்ணாடியை இறக்கினாள்.

"எங்க வீட்டுச் சுவருல பாசி பிடிக்க நாங்க மாட்டுச் சாணியத்தான் கரைச்சுப் பூசினோம்," என்றாள். "பூனை கிட்டயே வராது."