ஒரு மயிரிழை கீழே

முதல் சரணம் முடிந்தது. கதவு திறக்கவில்லை.

அவர் பெடலை மிதித்தார். கம்பியின் சுருதி ஏறியது. ஆனால் ஏற வேண்டிய இடத்துக்கு ஒரு மயிரிழை கீழேயே நின்றுவிட்டது.

"அண்ணாச்சி, எறங்கிக் கெடக்கு," என்றான் கீபோர்டு வாசிக்கும் ஆசீர், உதடு அசையாமல்.

தெரியும். இறக்கி வைத்ததே அவர்தான்.

அது பெடல் ஸ்டீல் கிட்டார். மேஜை மாதிரி நாலு காலில் நிற்கும். பத்துக் கம்பி. இடது கையில் ஒரு எஃகு உருளை. அதைக் கம்பிமேல் நகர்த்தி வாசிக்க வேண்டும். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்த கப்பலொன்றின் சமையல்காரர், இரண்டு கூடை கருவாட்டுக்கு ஈடாகக் கொடுத்துவிட்டுப் போனது. துறைமுகத்துப் பூனைகள் மூன்று நாள் அந்தக் கப்பலின் பின்னால் நீந்தினவாம்.

அவ்வளவு நல்ல கருவாடு.

வீட்டில் ஒழுங்காக இருந்த சுருதி ஆலயத்துக்கு வந்தால் கெட்டது. ஞாயிறு தவறாமல், இரண்டாம் சரணத்தில், கம்பிகள் தாமாக ஏறின.

கம்பி மாற்றினார். எண்ணெய் விட்டார். பெடலுக்கும் கம்பிக்கும் நடுவே ஓடும் தண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். உள்ளே ஒரு பல்லி முட்டை இருந்தது. எடுத்துப் பார்த்தார். ஏறியது. திரும்ப வைத்தும் பார்த்தார். அப்போதும் ஏறியது.

ஒரு ஞாயிறு ஏறவில்லை.

அன்று எப்சிபா டீச்சர் வரவில்லை. கயத்தாற்றில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார்.

ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். பதினோரு பூனைகளுக்குச் சாளை மீன் சோறு வைத்துவிட்டுத்தான் ஆராதனைக்குக் கிளம்புவார். பூனைகளுக்கு ஞாயிறு கிடையாது. ஆகவே இரண்டாம் சரணம். ஆகவே பக்கவாட்டுக் கதவு. கதவு திறந்தால் கடற்காற்று. காற்றுப் பட்டால் கம்பி குளிரும், சுருங்கும், ஏறும்.

கோளாறு அகப்பட்டது.

வேறு யாரானாலும் கிட்டாரைக் கதவை விட்டுத் தள்ளிப் போட்டிருப்பார்கள்.

அவர் சுருதியை ஒரு மயிரிழை இறக்கி வைத்தார். டீச்சர் உள்ளே வந்ததும் பொருந்திக்கொள்ளும்படி.

ஐந்து வாரம் பொருந்தியது.

போன ஞாயிறு அவர் டீச்சரிடம் வாயைத் திறந்தார். ஆராதனை முடிந்து, செருப்புக் கிடக்கும் இடத்தில். கம்பி, சூடு, கதவு, காற்று. பத்து நிமிடம். பல்லி முட்டையைக்கூட விடவில்லை. இறக்கி வைப்பதை மட்டும் சொல்லவில்லை.

அதைச் சொல்லத்தான் பேச ஆரம்பித்திருந்தார்.

டீச்சரின் முகம் சிறுத்துப்போனது.

"தொந்தரவா இருக்குன்னு தெரியாமப் போச்சே. இனிமே பாட்டு முடிஞ்ச பொறகே உள்ள வாரேன்."

சொன்னால் சொன்னபடி செய்கிறவர். கணக்கு டீச்சர்.

இன்று காலை சுருதிச் சாவியைக் கையில் எடுத்தவர் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தார். பிறகு வழக்கம்போல ஒரு மயிரிழை இறக்கினார்.

இரண்டாம் சரணம். கதவு திறக்கவில்லை.

கதவுக்கடியில் ஒரு கோடு வெளிச்சம். அதன் நடுவே இரண்டு நிழல். பாதம் அகலத்துக்கு.

வந்துவிட்டார். நிற்கிறார். பாட்டு முடிவதற்காக.

அவர் கிட்டாரின் சத்தத்தைக் கூட்டினார்.

முன்வரிசையில் ஒருவர் காதைச் சொறிந்தார். போதகர் சந்தேகத்தோடு மின்விசிறியைப் பார்த்தார். மற்றபடி சபை பாடிக்கொண்டிருந்தது. சபைக்கு அவ்வளவு காது கிடையாது. முன்பு ஒருநாள் அவர் ஒரு சுரம் தவறியபோது, இருநூறு பேரில் நிமிர்ந்து பார்த்தவர் டீச்சர் ஒருவர்தான். அடுத்த ஞாயிறே கிட்டாரை அந்தக் கதவுப் பக்கம் நகர்த்திப் போட்டார்.

கோளாறும் அன்றைக்குத்தான் தொடங்கியது.

மூன்றாம் சரணம். நிழல் அசையவில்லை.

ஆசீர் நல்ல பிள்ளை. அண்ணாச்சிக்கு வயதாகிவிட்டது, காது போய்விட்டது என்று நினைத்திருக்க வேண்டும். கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தி அழுத்தித் தன் சுருதியைக் கீழே கொண்டுவந்தான். சரியாக ஒரு மயிரிழை.

கிட்டாரும் கீபோர்டும் பொருந்திவிட்டன.

கதவுக்கு வெளியே கேட்கிறவருக்கு இனி ஒரு குறையும் தெரியாது.

நிழல்களில் ஒன்று விலகியது.

அவர் எஃகு உருளையை ஒரு மயிரிழை பின்னால் இழுத்தார்.

நாற்பது வருடத்தில் வேண்டுமென்றே தப்பாக வாசித்தது இதுதான் முதல் தடவை. ஆசீர் திரும்பிப் பார்த்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை. இழுத்த இடத்திலேயே உருளையை வைத்து, பெடலை மிதித்து, அந்தத் தப்பைக் கப்பல் சங்கு மாதிரி நீளமாகப் பிடித்தார்.

விலகிய நிழல் நின்றது.

கடைசிச் சரணம்.

இடது கன்னத்தில் காற்றுப் பட்டது. கூடவே சாளை மீன் வாசம். அந்த ஊரில் மீன் வாசம் எதற்கும் சாட்சியாகாது.

கம்பி சாட்சி சொன்னது. ஒரு மயிரிழை ஏறியது. உருளை இருந்த இடத்திலேயே எல்லாம் பொருந்தியது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

டீச்சர் உட்காரவில்லை. 'ஆமென்' இழுத்து முடியும்வரை, தானாகச் சாத்திக்கொள்ளும் அந்தக் கதவை ஒரு கையால் பிடித்தபடியே நின்றார்.