அவன் சொன்னதாக

கரும்பலகையில் ‘ஹி செட் - அவன் சொன்னான்’ என்று எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தபோது பூங்காவனம் உள்ளே வந்தாள். என் ஆங்கில வகுப்புக்கு எதிரில் இட்லிக்கடை வைத்திருப்பவள். போன வாரம், நான் பார்த்தேயிராத அவள் புருஷனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது ஊருக்கே தெரியும். அவனுடைய வாக்குமூலத்தின் நகலை வக்கீல் கொடுத்தாராம்.

“இங்கிலீஷ்ல இருக்கு சார். படிச்சுச் சொல்லுங்க.”

எதைப் பார்த்தாலும் பாடமாக்கிவிடும் கெட்ட புத்தி எனக்கு. பக்கம் முழுக்க அதே ‘செட்’ இருப்பதைக் கண்டதும் வகுப்பைப் பார்த்து உரக்கவே வாசித்தேன். நகைக்கடைப் பூட்டை உடைத்ததாக அவன் சொன்னான். காவலாளியைக் கட்டையால் அடித்ததாகச் சொன்னான். தன்னை யாரும் மிரட்டவில்லை என்றும் சொன்னான்.

“பாருங்க, ஒவ்வொரு வரியிலயும் ‘செட்’ எவ்வளவு அழகா வருது!”

பூங்காவனம் என்னையே பார்த்தாள்.

“இதெல்லாம் அவரு வாயால சொன்னாருன்னா சார் போட்டிருக்கு?”

“ஆமாம்மா. பதினோரு இடத்துல.”

“அவருக்குப் பொறந்ததுல இருந்தே பேச்சு வராதே சார்.”

எழுதிக்கொண்டிருந்த பன்னிரண்டு பேனாக்களும் நின்றன. அவள் கிட்டே வந்து முதல் வரியின் மேல் விரலை வைத்தாள்.

“கல்யாணமாகிப் பத்தொம்பது வருஷமாச்சு. நான் ஒருவாட்டிகூடக் கேட்டதில்ல. குரல் எப்படி இருந்துச்சுன்னு ஏதாச்சும் எழுதியிருக்கா, பாருங்க சார்.”