அலமாரிக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை

மச்சான் டீ குடிக்கப் படியிறங்கியதும் அவன் பின்னறைக்குள் நுழைந்து தாழ் போட்டான்.

முக்கால் மணி நேரம் கிடைக்கும். மச்சான் டீயையும் மரவேலை மாதிரிதான் குடிப்பார். அவசரமே கிடையாது.

அறை நடுவில் அலமாரி நின்றது. ஆறடி உயரம், நான்கு தட்டு, இரண்டு கதவு. பெயிண்ட் அடிப்பது மட்டும்தான் பாக்கி. அது பாக்கியாக நின்று இருபத்தாறு நாளாகிறது.

அவனுக்கு நைட் ஷிப்ட். காலை ஏழு மணிக்கு வீடு வந்து, இந்தப் பின்னறை ஜன்னலை அடைத்துக்கொண்டுதான் தூங்குவான். மனைவியின் அண்ணன் தச்சர். ஒரே வாரத்தில் அலமாரி செய்து தருகிறேன் என்று வந்து அறையைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவனுக்கு ஹால் சோபா.

சோபா ஐந்தடி. அவன் ஐந்தே முக்கால். மீதி முக்காலடி எங்கே போவதென்று தெரியாமல் பகல் முழுக்க விழித்துக்கொண்டிருக்கும்.

போன வாரம் வேலையிடத்தில் நின்றபடியே தூங்கிவிட்டான். இன்னொரு தரம் பார்த்தால் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள் என்றார் சூப்பர்வைசர். வேலையும் போய் வீட்டுக்கு வந்தால் எங்கே படுப்பது என்று அவரிடம் கேட்க முடியவில்லை.

தினமும் காலையில் அதே கூத்து. மச்சான் ஒரு கறுப்புத் துணியைக் கதவின்மேல் ஒரு இழு இழுத்து, அவன் மூக்குக்கு நேரே நீட்டுவார். துணியில் மாவு மாதிரி ஒரு கோடு.

"தூசி இன்னும் நிக்குது மாப்ளே. இதுமேல அடிச்சா பெயிண்டு மணல் மணலா எழும்பும். நாளைக்கு என் பேருதான் கெடும்."

அவனும் என்னென்னவோ வாங்கிக் கொடுத்துப் பார்த்தான். மெத்தென்ற பிரஷ். ஊதுகிற மிஷின். உறிஞ்சுகிற மிஷின். பொறுக்கமாட்டாமல் ஒருநாள் ஈரத்துணியால் தானே துடைத்தான். ஈரம் பட்டு மரத்தில் நார் எழும்பிவிட்டது என்று மச்சான் மறுபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். அதற்கு ஒரு வாரம். புதுத் தூசி.

இன்றைக்கு அவன் விசாரித்துக்கொண்டு வந்திருந்தான்.

மேலிருந்து கீழாகப் பிரஷ். இடுக்குகளுக்குக் குச்சியில் சுற்றிய துணி. கடைசியில் டர்பன்டைனில் நனைத்து ஒட்டப் பிழிந்த துணி. விழுந்த தூளை முறத்தில் அள்ளி ஓரமாக வைத்தான்.

கறுப்புத் துணியை எடுத்துக் கதவில் இழுத்தான். கறுப்பாகவே இருந்தது. பெற்ற பிள்ளை பாஸானதுபோல் இருந்தது அவனுக்கு.

பெயிண்ட் டப்பாவை நெம்ப ஸ்குரூ டிரைவர் தேடி மச்சானின் சாமான் பெட்டியைத் திறந்தான்.

உள்ளே ஒரு பாட்டில். பாட்டில் நிறைய மரத்தூள். சல்லடையில் சலித்த, பொன்னிறமான தூள். மூடியில் ஆணியால் வட்டமாக ஓட்டை போட்டிருந்தது, பவுடர் டப்பா மாதிரி.

ஆக, மனிதர் இருபத்தாறு நாளாகத் துடைக்கவில்லை. தூவியிருக்கிறார்.

நல்ல கெட்ட வார்த்தையாக ஒன்று தேடினான். தூக்கம் கெட்ட மண்டையில் எதுவும் அகப்படவில்லை. டப்பாவைத் திறந்து வெறிபிடித்தவன்போல் அடித்தான். இரண்டு கதவும் முடிந்தபோது, வெளியே மச்சான் தட்டினார்.

தாழைத் திறந்தான். ஒரு கையில் பிரஷ், ஒரு கையில் பாட்டில்.

மச்சான் பாட்டிலைப் பார்த்தார். பளபளத்த கதவுகளைப் பார்த்தார். கோபமே வரவில்லை அவருக்கு.

"என்னால ஆனத செஞ்சேன் மாப்ளே. இனி உங்க பாடு."

இருபத்தாறு நாள் நகராத ஆள் ஐந்து நிமிடத்தில் பெட்டியைக் கட்டிவிட்டார். வெளியே நான்கு வேலை அவருக்காகக் காத்துக்கிடக்கிறதாம். மடித்த பாயை அவனிடம் கொடுத்துவிட்டு, விட்டால் போதும் என்று போனார்.

அவன் பாயை உதறி விரித்தான். உட்காரக்கூட இல்லை, மனைவி வந்து நின்றாள். செல்போனை மார்போடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தாள்.

"உங்க பெரியண்ணன் லைன்ல இருக்காரு," என்றாள் கிசுகிசுப்பாக. "இங்க வந்து தங்கறேன்னாரு. ரூமெல்லாம் மரத்தூசி, அவரு மூச்சிளைப்புக்கு ஆகாதுன்னு ஒரு மாசமா தள்ளிக்கிட்டு வந்தேன். அவரு நம்பமாட்டாரு, தினம் வீடியோ கால்ல காட்டச் சொல்லுவாரு. அதுக்குத்தான் எங்கண்ணன தூவ வெச்சேன். உங்ககிட்ட சொன்னா அவர்கிட்டயே உளறிடுவீங்க. இப்ப நீங்களே பேசுங்க."

பெரியண்ணன் போன தடவை நான்கு நாளுக்கென்று வந்து ஏழு மாதம் இருந்தார். பகலில் ஆள் தூங்கும் வீடு உருப்படாது என்பது அவர் கட்சி. மணிக்கொரு தரம் கதவைத் தட்டி எழுப்புவார். எழுந்து உட்கார்ந்துவிட்டானா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார். அவரிடம் வராதீர்கள் என்று சொல்கிற வாய் அந்தக் குடும்பத்தில் இன்னும் யாருக்கும் முளைக்கவில்லை.

அவன் போனை வாங்கிக் காதில் வைத்தான்.

"என்னடா, தூசியெல்லாம் போச்சா? பையக் கட்டட்டுமா?"

அவன் அலமாரியைப் பார்த்தான். ஈரம் மினுங்கியது. இப்படி ஒரு வழவழப்பை அவன் வாழ்நாளில் செய்ததில்லை.

ஒற்றைக் கையால் முறத்தைத் தூக்கி, உள்ளதையெல்லாம் கதவின்மேல் வீசினான்.

"இல்லண்ணே. இன்னும் நிக்குது."

மனைவி இடப்பக்கக் கதவின் அடியில் விரலை நீட்டிக் காட்டினாள். அங்கே தூள் சரியாகப் படவில்லை.