கர் மத் லோ

தீவின் சமுதாயக் கூடத்துத் தகரக் கூரையில் மழை விட்டுவிட்டுத் தட்டுகிறது. கரையோர வீடுகளை எடுத்துப் படகு அணையும் ஜெட்டியை அகலப்படுத்தும் திட்டத்துக்கு மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டம். கேட்டே தீர வேண்டும் என்று நாற்பது நாள் மறியல் செய்த தமிழ் மீனவர்கள் ஈரக் குடைகளோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். மைக்கின் முன் ஆரோக்கியசெல்வி நிற்கிறாள். வலை பின்னித் தடித்த விரல்களில் ஒரு தாள். மகள் ஜாக்குலின் இந்தி வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். "ஹமாரா கர் மத் லோ" என்று வாசிக்கிறாள். எங்கள் வீட்டை எடுக்காதீர்கள். ஆனால் இந்தியில் வீடு என்றால் அந்தக் 'க'வை மூச்சோடு அழுத்திச் சொல்ல வேண்டும். அழுத்தாவிட்டால் வரி என்று அர்த்தம். மெயின்லேண்டிலிருந்து வந்து ஒரு மாதமே ஆன அதிகாரியின் முகம் தெளிகிறது. "டீக் ஹை, கர் நஹி லேங்கே" என்கிறார். சரி, வரி வாங்க மாட்டோம். வீட்டை எடுக்க மாட்டார்கள் என்று கூடம் முழுக்கக் கைதட்டுகிறது. பக்கத்தில் குறிப்பெழுதும் குமாஸ்தா சிவபிரகாஷுக்கு மட்டும் இரண்டு கர்ரும் கேட்கின்றன. அவனும் தமிழன். "சர்..." என்று ஆரம்பிக்கிறான். "லிக்கோ, லிக்கோ" என்று எழுதச் சொல்லி அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பேனா ஊன்றிய இடத்தில் மை பரவுகிறது. பிறகு எழுதுகிறான்: கோரிக்கை, வரிவிலக்கு, ஏற்கப்பட்டது. ஆரோக்கியசெல்வி மேசையருகே வந்து குனிகிறாள். "எங்க வீட்டப் பத்திச் சொன்னத எழுதிட்டீங்களா தம்பி?" சிவபிரகாஷ் அந்த வரியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு தலையசைக்கிறான்.