சீஸ் பார்க்க வந்தவன்

கிண்ணியாவில் குடும்பத்தோடு சீஸ் செய்து விற்கும் லாபிரின் பண்ணையைப் பார்க்க, சப்ரி மூன்றாம் தடவையாக வந்திருந்தான்.

“இது மிளகு போட்டது. சாப்பிடுங்க தம்பி,” என்றார் லாபிர்.

சப்ரி சாப்பிட்டான். அவன் கண்கள் லாபிரின் மகள் ஆதிலாவைத் தேடின.

“எப்படி?”

“நல்ல ருசி!”

“அப்ப இன்னொரு துண்டு.”

ஏழாவது துண்டோடு சப்ரிக்கு முகம் வியர்த்தது. அவசரமாக விடைபெற்று மோட்டார் சைக்கிளில் பறந்தான்.

ஆதிலா சமையல் வேலையை விட்டுக் குசினியிலிருந்து வந்தாள். “ஏன் வாப்பா அவருக்கு இவ்வளவு குடுத்தீங்க?”

“நேத்து அவன்ட உம்மா உன்னைப் பெண் கேட்டுக் கதைச்சவ, மகள். பொடியனுக்குப் பால் சாமான் ஒண்டும் வயித்துக்கு ஒத்துவராதாம்.”

“தெரிஞ்சுமா குடுத்தீங்க?”

“உனக்காக எவ்வளவு தாங்குவான் எண்டு பார்த்தன்.” லாபிர் சிரித்தார். “முதல்ல அவன் வீடு போய்ச் சேரட்டும். பிறகு ஓம் எண்டு சொல்றன்.”