வெள்ளைச் செடிக்கு முதற்பரிசு

குளிரூட்டப்பட்ட மண்டபத்தில் நடந்த வீட்டுச்செடி விழாவில், முதற்பரிசு ஒரு வெள்ளைச் செடிக்குப் போயிற்று. அதன் இலையிலோ தண்டிலோ ஒரு பொட்டுக்கூடப் பச்சை இல்லை. கைப்பேசியும் கையுமாக அதை மொய்த்தவர்களைத் தணிகாசலம் ஏளனமாகப் பார்த்தார். இலைக்குத் தேங்காயெண்ணெய் தடவிப் பளபளப்பாக்கும் கூட்டத்துக்கு வேறென்ன தெரியும்? ஒன்பது ஆண்டுகளாக அவர் கொண்டுவரும் மணிபிளாண்டின் முன்னால் நடுவர்கள் இம்முறையும் நிற்கவில்லை.

பரிசு பெற்ற மிருணாளினியிடம் அவர் நேரே போனார்.

"பச்சையே இல்லாம இது எப்படிம்மா உசிரோட இருக்கும்? ஒரு மாசத்துல செத்துடும்."

"தெரியும் சார். பச்சையையெல்லாம் நான்தானே வெட்டினேன்! பரிசு இன்னிக்குத்தானே குடுக்கிறாங்க?" என்று அவள் சிரித்தாள்.

"செடி வளர்க்கிறாளாம், செடி!" என்று முனகியபடி, தம் தொட்டியை அணைத்துக்கொண்டு வீடு திரும்பினார். நோயென்று எண்ணி, விழாவில் யார் கண்ணிலும் படாதவாறு அவர் பின்பக்கம் திருப்பி வைத்திருந்த வெள்ளைக் கிளை, மேசைமேல் இப்போது அவரை நோக்கி நீண்டிருந்தது. சுற்றிலும் ஒன்பதாண்டுப் பச்சை அடர்ந்திருந்தது. பக்கத்து ஊரில் நடக்கும் செடி விழாவுக்கு இன்னும் இருபதே நாள். தணிகாசலம் கதவைத் தாழிட்டுவிட்டுக் கத்தரிக்கோலைத் தேடினார்.